நம்ம எழுத்து இல்லாத நோட்டீஸ்

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பருப்புப் பொடி, அப்பளம், மணத்தக்காளி வத்தல் எல்லாம் கட்டி வெச்சிட்டேன். நாலு கிலோ. உங்க பெட்டியில நாலு கிலோவுக்கு இடம் இருக்குன்னு உங்க அப்பா சொன்னாரு. ரத்தினவேல் சொன்னா சரியாத்தான் இருக்கும், தையக்காரருக்கு அளவு தப்பாது. என் மக தமயந்தி வீடு, நீங்க வேலைக்குப் போற ஊர்லருந்து ரயில்ல முக்கால் மணி நேரம்தானாம். ஞாயித்துக்கிழமை போனீங்கன்னா சோறும் போடுவா.

இந்தச் சின்னப் பொட்டலம் மட்டும் தனி. இது தமயந்திக்கு இல்ல. கடலைமிட்டாய்தான், வேற ஒண்ணுமில்ல, பிரிச்சு வேணாலும் பாத்துக்கங்க. தமயந்தி இருக்கிற கட்டடத்துலயே தரையோட இருக்கிற வீட்டுல பிமலான்னு ஒரு நேபாளத்துப் பொண்ணு இருக்கா. அவகிட்ட குடுக்கணும். தமயந்திக்குத் தெரிய வேண்டாம்.

ஏன்னு கேக்குறீங்க. கேப்பீங்கதான். காபியைக் குடிங்க, ஆறிரும். சொல்றேன்.

நான் ஜப்பானுக்குப் போனது பிரசவம் பாக்க. சிரிங்க, பரவாயில்ல. இந்தத் தெருவே சிரிச்சுச்சு. ‘சீனிராஜ் அண்ணாச்சி பிரசவம் பாக்க பிளேன் ஏறுறாரு’ன்னு டீக்கடையில ஒரு வாரம் இதுதான் பேச்சு. என்ன செய்ய? என் வீட்டுக்காரி பேச்சியம்மா போய் நாலு வருசம் ஆச்சு. மாப்பிள்ளையோட அம்மா போறதா இருந்துச்சு, அவங்களுக்கு முட்டியில ஆபரேசன். தமயந்தி போன் பண்ணி, “அப்பா, நீங்க வந்து ரசம் வெச்சுக் குடுத்தாப் போதும்ப்பா”ன்னா.

அவ என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டதே அப்பத்தான் தம்பி. அவ சின்னப்புள்ளையா இருக்கையில நான் வீட்டுல இருந்தது எங்க? முப்பத்தோரு வருசம் கலர் வண்டியில போனேன். கோவில்பட்டியில ஏத்தினா கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம்னு கடை கடையாப் பாட்டிலை இறக்கிட்டு, காலி பாட்டிலை ஏத்திட்டு வரணும். அவ எந்திரிக்க முன்ன போயிருவேன், தூங்கினப்புறம் வருவேன். பள்ளிக்கூடத்துல அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா ‘கூல்டிரிங்க்ஸ் ஏஜென்சி’ன்னு சொல்லுவாளாம். பொய்னு சொல்ல முடியாது. ஏஜென்சிதான். ஏஜென்சி எங்க முதலாளியோடது, அவ்வளவுதான்.

அப்படி வளந்த புள்ள கூப்பிடுது. போயிட்டேன்.

அந்த ஊரைப் பத்தி உங்களுக்கு ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லியிருப்பாங்க. ரயிலைச் சொல்லுவாங்க, சுத்தத்தைச் சொல்லுவாங்க. நான் அசந்து நின்னது ஒண்ணே ஒண்ணுகிட்டதான். கலர் விக்கிற மிஷின். தெருமுக்குல நிக்கும், கோயில் வாசல்ல நிக்கும், வீடே இல்லாத வயக்காட்டு ஓரத்துல தன்னந்தனியா விளக்கைப் போட்டுக்கிட்டு நிக்கும். காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கினா தொம்முனு கீழ விழுது. கடைக்காரன் இல்லை. நான் காலம் பூராக் கடைக்காரனோட மல்லுக்கட்டின ஆளு தம்பி. நம்ம குடுத்த ஐஸ் பெட்டியில வேற கம்பெனிச் சரக்கை அடுக்கி வெப்பான், கேட்டா ‘நாளைக்கு வாங்க அண்ணாச்சி’ம்பான். இந்த மிஷின் யாரையும் நாளைக்கு வரச் சொல்லலை. நான் இதை மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். அவரு, “மாமா, ஜப்பான்ல இதைப் போய் யாரும் வேடிக்கை பாக்க மாட்டாங்க”ன்னு சிரிச்சாரு. அவருக்கு என்ன தெரியும், அவரு ஒரு பாட்டில் கேஸாவது தூக்கியிருப்பாரா?

தமயந்தி வீட்டு வாசல்லருந்து பத்தடி நடந்தா முக்குல பூட்டிக் கிடக்கிற ஒரு சலூன். அதுக்கு முன்னாடி ரெண்டு மிஷின். ரெண்டுக்கும் நடுவுல, குடிச்ச பாட்டிலையும் டின்னையும் போட ஒரு தொட்டி. அதுல வட்டமா ரெண்டு ஓட்டை. இந்தத் தொட்டியை நினைப்புல வெச்சுக்கங்க.

போன மறுநாள், நல்ல குளிர், தை மாசம். காசைப் போட்டுட்டு எதை அமுக்கன்னு தெரியாம நிக்கேன். அமுக்கினா டின்னு விழுந்துச்சு, எடுத்தா கை பொசுங்குது. கலரைச் சூடா விக்கிறான்! நான் கையை உதறுறதைப் பாத்து ஒரு பொண்ணு சிரிச்சா. முதுகுல புள்ளையைக் கட்டியிருந்தா, ஒன்றரை வயசுப் பையன். பக்கத்துல வந்து, பொத்தானுக்குக் கீழ இருக்கிற பட்டியைத் தொட்டுக் காமிச்சா. “ரெட், ஹாட். ப்ளூ, கோல்ட். புவா, ஓகே?” புவான்னா அவங்க பாசையில அப்பாவாம். அதுதான் பிமலா. புருசன் ஏதோ இந்தியச் சாப்பாட்டுக் கடையில சமையல். அன்னியிலருந்து என்னைப் பாத்தா கையைக் கும்பிட்டு “நமஸ்தே புவா”ம்பா. அந்தத் தெருவுல என்னைக் கூப்பிட்ட ஒரே சத்தம் அதுதான். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தியில பானி, அச்சா ரெண்டும்தான் தெரியும். ஆனா நல்லாப் பேசிக்குவோம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். வராம எங்கெங்கயோ சுத்துறேன் பாருங்க.

குப்பை. அந்த ஊர்ல குப்பைக்குக் கிழமை உண்டு தம்பி. தமயந்தி ஃப்ரிட்ஜ் மேல ஒரு அட்டை ஒட்டி வெச்சிருக்கா, நம்ம காலண்டர்ல ராகுகாலம் எமகண்டம் போட்டிருக்குமே அது மாதிரி. எரியிற குப்பை செவ்வாயும் வெள்ளியும். பாட்டில் ஒரு நாள், அட்டைப்பெட்டி ஒரு நாள். பாப்பா பிறந்து வீட்டுக்கு வந்தாச்சு, அவ டயபரும் எரியிற குப்பையில சேத்தி. அப்ப வெள்ளிக்கிழமை போட்டாச்சுன்னா அடுத்தது செவ்வாய். அதுவரைக்கும் புள்ள போனது பூரா பால்கனியில ஒரு மூடி போட்ட டப்பாவுல இருக்கும். பச்சப்புள்ள நாளைக்குப் பத்து தடவை போகும். சின்ன வீடு. சாமிப்படத்துக்கும் அந்த டப்பாவுக்கும் நடுவுல ஒரே ஒரு கண்ணாடிக் கதவு.

எனக்கு அது மனசுக்கு ஒப்பலை. நான் சொன்னேன், “நீ பால்கனிப் பக்கம் வராத தாயி, பச்சை உடம்பு, குளிர்காத்து அடிக்குது. அதை நான் பாத்துக்கிறேன்”னு. அவளும் விட்டுட்டா.

தினம் காலையில ஏழு மணிக்கு நடக்கப் போவேன். போகையில ஒரு துணிப்பையில, ரொம்ப நாறுற டயபர் மூணைச் சுருட்டி எடுத்துட்டுப் போயிருவேன். போற வழியில எங்கயாவது குப்பைத்தொட்டி இருந்தாப் போட்டுரலாம்னு நினைச்சேன். அந்த ஊர்ல தெருவுல குப்பைத்தொட்டியே கிடையாது தம்பி! போய்ப் பாருங்க. மிட்டாய்க் காகிதம்கூட அவனவன் வீட்டுக்குக் கொண்டுபோறான். தெருவுல இருக்கிற ஒரே தொட்டி, அந்த மிஷின் பக்கத்துல இருக்குறதுதான்.

ஓட்டை சின்னது. டயபரை நீளவாக்குல இறுக்கிச் சுருட்டி, அதுலயே ஒட்டுற பட்டை இருக்கும், அதை வெச்சு ஒட்டினா, ஒரு டின்னு கனத்துக்கு வரும். அப்படியே உள்ள போயிரும். சுருட்டுறதுல எனக்குக் கை நல்லாப் பழகிருச்சு. பெருமையாக்கூட இருந்துச்சுன்னு வெச்சுக்கங்களேன்.

தமயந்தி ஒருநாள் மூக்கை உறிஞ்சிப் பாத்துட்டு, “வாசமே இல்லையேப்பா, எப்படிப்பா? என் ஃபிரண்ட்ஸ் வீட்டுல எல்லாம் உள்ளயே போக முடியாது”ன்னா. நான் பூண்டு உரிச்சுக்கிட்டிருந்தேன். “அதெல்லாம் ஒரு கணக்கு இருக்கு”ன்னேன். அவ போன்ல அவ ஃபிரண்டுகிட்ட சொல்றா, “எங்கப்பா வந்ததுலருந்து வீடு வீடா இருக்குடி”ன்னு. முப்பது வருசத்துல அந்தப் புள்ள வாயிலருந்து என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை. நான் பூண்டை உரிச்சுக்கிட்டே இருந்தேன். ஒரு வாரத்துக்கு வேண்டிய பூண்டை உரிச்சுப் போட்டுட்டேன் அன்னிக்கு.

சாமிப்படம், வாசம்னு சொன்னேன்ல, அது முத நாலு நாளைக்கு நிசம். அப்புறம் போட்டதெல்லாம் அந்த வார்த்தைக்காகத்தான்.

தப்புன்னு தெரியாதான்னு கேப்பீங்க. தொட்டி மேல படம் போட்டிருந்துச்சு, பாட்டில் படம், டின்னு படம். எனக்கு எழுத்துத்தான் வராது, படம் தெரியும். ஆனா நான் என்ன நினைச்சேன்னா, இது மிஷின். மிஷின் தானே விக்குது, தானே சில்லறை குடுக்குது, தானே வாயைத் திறந்து நன்றி சொல்லுது. தொட்டியும் தானே எங்கயோ போய்க் கொட்டிக்கும். ஆளு வருவான்ங்கிற நினைப்பே இல்லை எனக்கு. சொல்லுங்க, எனக்கு இல்லாம வேற யாருக்குத் தம்பி அந்த நினைப்பு வந்திருக்கணும்?

மூணாவது வாரம், புதன்கிழமை. பைக்குள்ள மூணோட போறேன். மிஷின்கிட்ட ஒரு சின்ன லாரி நிக்குது. யூனிஃபாரம் போட்ட ஒரு ஆளு, என் வயசு இருக்கும், ஒண்ணு ரெண்டு கூடக்குறைய. மிஷினோட முன்பக்கத்தை பீரோக் கதவு மாதிரித் திறந்து வெச்சிருக்காரு. உள்ள வரிசை வரிசையாக் குழாய். ஒவ்வொரு டின்னாப் படுக்க வெச்சு உருட்டி விடுறாரு. என்ன வேகம்ங்கிறீங்க! கை பாக்கவே பாக்காது, தானாப் போகும். நம்ம ஆளுடான்னு எனக்குச் சந்தோசம். கிட்டப் போய் நின்னேன். அவரும் தலையைக் குனிஞ்சு, “ஒஹாயோ”ன்னு காலை வணக்கம் சொன்னாரு. அவரு சட்டையில பேரு இருந்துச்சு, போன்ல படம் பிடிச்சு அப்புறம் தமயந்திகிட்டக் காமிச்சேன். ஹொசோயாவாம்.

மிஷினைச் சாத்திட்டு நேரா அந்தத் தொட்டிகிட்டப் போனாரு.

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. தானாப் போகலை அது. இவருதான் எடுக்காரு. சரக்கை இறக்குறவன்தானே காலியை ஏத்தணும், எந்த ஊரா இருந்தா என்ன.

மூடியைத் திறந்து உள்ள இருக்கிற பையைத் தூக்குறாரு. பாட்டிலும் டின்னும் அமுக்கி அமுக்கி ஒரு டயபர் கிழிஞ்சிருக்கு. ஒழுகுது. கையுறையில, சட்டைக் கையில, பேன்ட்டுல. அவரு கத்தலை தம்பி. ஒரு சின்னச் சத்தம், “ஆ...”ன்னு. அவ்வளவுதான். அப்புறம் ரோட்டோரமாக் குத்தவெச்சு உக்காந்து, ஒவ்வொரு டின்னாத் தொடச்சு வேற பையில போடுறாரு. ஒவ்வொண்ணா.

எனக்கு உடனே கயத்தாறு ஞாபகம். எம்பது எம்பத்தஞ்சுல, கடைக்காரங்க காலி பாட்டிலுக்குள்ள என்னதான் போட மாட்டாங்க? பீடித்துண்டு, வெத்தலை எச்சில். அதுல ஒருதடவை, சொன்னாக் காபி இறங்காது, அதுமாதிரி ஒண்ணு கையில வழிஞ்சிருச்சு. பஸ்ஸ்டாண்டு அதிரக் கத்தினேன். ‘எவன் இதைப் போட்டானோ அவன் கை அழுகிப்போகும்டா’ன்னு மண்ணை வாரித் தூத்துனேன். இந்தக் கையாலதான் தூத்துனேன்.

தொடச்சு முடிச்சிட்டு எந்திரிச்சவரு, நான் நிக்கிறதைப் பாத்தாரு. தொப்பியைக் கழட்டினாரு. “சுமிமாசென்”னு குனிஞ்சாரு. மன்னிச்சிருங்கன்னு அர்த்தம். என்கிட்ட! நான் நடந்துபோற வழியில இப்படி ஒரு அசிங்கத்தை நான் பாக்கும்படி ஆயிருச்சேன்னு என்கிட்ட மன்னிப்புக் கேக்காரு. என் கையில அந்தப் பை. அதுக்குள்ள மூணு.

நான் என்ன செஞ்சேன்? தலையை ஆட்டினேன். பரவாயில்லன்னு. நடையைக் கட்டிட்டேன்.

அன்னிக்கு அந்த மூணை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு இருக்கே. ஸ்டேஷனுக்குப் போனேன், தொட்டி இல்ல. பார்க்குக்குப் போனேன், இல்ல. ஒரு கோயில்ல நுழைஞ்சேன், அங்க பெருக்கிக்கிட்டிருந்த அம்மா என்னைப் பாத்துக் கும்பிட்டுச்சு, அங்கயா போட முடியும்? நடந்து நடந்து வழி தப்பிருச்சு. எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரி வீடு. தமயந்திக்குப் போன் போட்டேன். “பக்கத்துல மிஷின் இருக்காப்பா?”ன்னா. இல்லாமலா? “அதுல ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கும். அதைப் படம் பிடிச்சு அனுப்புங்க. அது நிக்கிற இடத்தோட விலாசம் அதுல இருக்கும், ஆபத்து அவசரத்துக்குன்னு ஒட்டியிருக்காங்க”ன்னா. பாருங்க, ஒரு மிஷின்கிட்டத் தப்பி ஓடி வந்தவனை இன்னொரு மிஷின் காட்டிக் குடுக்குது.

மாப்பிள்ளை ஆபீசுக்குப் போறதை விட்டுட்டு சைக்கிள்ல வந்தாரு. தங்கமான மனுசன். “குடுங்க மாமா, நான் பையை வெச்சுக்கிறேன்”னு கையை நீட்டுறாரு. நான் குடுக்கலை. “தண்ணி பாட்டில்தான், கனமில்ல”ன்னேன். அவரு இழுக்காரு, நான் இழுக்கேன். ரோட்டுல போறவங்க மாமனும் மருமகனும் சண்டை போடுறாங்கன்னு நினைச்சிருப்பாங்க. கடைசியில அந்த மூணும் எந்தப் பால்கனியிலருந்து கிளம்புச்சோ அங்கயே வந்து சேந்துச்சு. அதுக்கப்புறம் நான் ஒண்ணுகூடத் தொட்டியில போடலை. அது சத்தியம்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இந்தப் பொட்டலம் கட்டியிருக்க மாட்டேன்.

நாலு நாள் கழிச்சு அந்தத் தொட்டி மேல ஒரு நோட்டீஸ். கட்டடத்துக்கு உள்ள, தபால் பெட்டிகிட்ட, அதே நோட்டீஸ். டயபர் படம் போட்டு, குறுக்க சிவப்புக் கோடு. மேல ஜப்பான் எழுத்து, அதுக்குக் கீழ இங்கிலீஷு. அதுக்கும் கீழ இன்னொரு எழுத்து. நம்ம ரயில்வே ஸ்டேஷன் போர்டுல இருக்குமே, மேல ஒரு கோடு இழுத்து, கொடியில துணி காயப்போட்ட மாதிரித் தொங்குமே, அந்த எழுத்து. நம்ம எழுத்து இல்ல.

நான் பிடிச்சுட்டு வந்த படத்தை தமயந்தி போன்ல பாத்துட்டுச் சொன்னா: “நமக்கில்லப்பா இது. நம்ம பேர்ல இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல. கீழ்வீட்டுப் பொண்ணுதான் போட்டிருப்பா. கட்டடத்துல டயபர் போடுற புள்ள ரெண்டுதானே, நம்ம பாப்பா, அவ பையன். நேபாளி பாசையிலயே எழுதிட்டாங்க பாருங்க.” அவ குரல்ல ஒரு நிம்மதி. நாம ஒழுங்கான ஆளுங்கங்கிற நிம்மதி.

எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு தம்பி. உங்ககிட்ட ஏன் மறைக்கணும்? அன்னிக்கு ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில கீழ இறங்கினா, பிமலா அந்தத் தொட்டியைக் கழுவிக்கிட்டிருக்கா. முதுகுல புள்ள. வாளியில தண்ணி, அந்தக் குளிர்ல கையெல்லாம் சிவந்துபோயிருக்கு. அவ செய்யலைன்னு அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். யாரு வந்து அவகிட்ட என்ன சொன்னாங்களோ, இல்ல யாரும் சொல்லாமலே அந்த எழுத்தைப் பாத்துட்டுத் தானா வந்து கழுவினாளோ, தெரியலை. நிமிந்து பாத்தா. “நமஸ்தே புவா”ன்னா, எப்பவும் போல.

நின்னேன். ஏதாவது செய்யணுமே. காசைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினேன். அதுக்குத்தான் வந்தவன் மாதிரி. சிவப்புப் பட்டி. மக்காச்சோளக் கஞ்சி, டின்னுல சூடா. எனக்கு அது ஆகவே ஆகாது. நின்னு குடிச்சேன். குடிச்ச டின்னை எங்க போட? அவ கழுவித் துடைச்ச தொட்டியிலதான். போட்டேன். ஓட்டையைச் சுத்தி ரெண்டு சொட்டுச் சிந்துச்சு. அவ சிரிச்சுக்கிட்டே அதையும் துடைச்சா.

கிளம்புறதுக்கு முந்துன புதன்கிழமை, ஹொசோயா வர்ற நேரத்துக்கு முன்னாடியே போய் நின்னுட்டேன். சொல்லிரணும்னு முடிவு பண்ணிட்டேன். இவருகிட்டச் சொன்னா இவரு ஆபீஸ்ல சொல்லுவாரு, பிமலா பேரு போயிரும்னு என் கணக்கு. சுமிமாசென்ங்கிற ஒரு வார்த்தையை ராப்பகலா உருப்போட்டு வெச்சிருந்தேன். லாரி வந்துச்சு. தொட்டியைத் தொட்டுக் காமிச்சேன், என் நெஞ்சைத் தொட்டுக் காமிச்சேன், “சுமிமாசென்”னு குனிஞ்சேன். அவங்களை மாதிரி இடுப்போட குனிய எனக்கு வரலை. கையையும் சேத்துக் கும்பிட்டேன்.

நான் நிமிர்றதுக்குள்ள அவரு “ஹை, ஹை”ன்னு தலையை ஆட்டுறாரு. வண்டிக்குள்ள போயி ஒரு கட்டு எடுத்துட்டு வந்தாரு. நீல நிறத்துல சின்னச் சின்னப் பை. ரெண்டு கையாலயும் நீட்டுறாரு. அப்புறம் விரலால சின்ன அளவு காமிச்சாரு. கையை மடிச்சுப் புள்ளையைத் தாலாட்டுற மாதிரி ஆட்டினாரு. மூணாவது மாடியைக் காமிச்சாரு. அங்க கொடியில எங்க பாப்பாவோட சட்டை காயுது.

முன்னாடியே தெரிஞ்சிருக்கு அவருக்கு. தொட்டியில கிடந்தது பிறந்த புள்ளையோட டயபர். பிமலா பையன் ஓடியாடுற புள்ள, அவனுக்கு அது தொடையிலகூட ஏறாது. ஒவ்வொண்ணா எடுத்துத் தொடச்ச ஆளுக்குத் தெரியாம இருக்குமா? நோட்டீஸ் ஒட்டினது இவரில்ல, கட்டட ஆபீஸ்காரன். பாக்காதவன்தான் ஒட்டியிருக்கான்.

நான் பிமலா வீட்டுக் கதவைக் காமிச்சேன். இல்லன்னு கையை ஆட்டினேன். அவ இல்ல, அவ இல்லன்னு. நம்ம பாசையிலயே சொன்னேன், “அந்தப் புள்ள இல்லய்யா, நான்”னு. அவரு அந்தக் கதவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, சிரிச்சுட்டு டாட்டா காமிச்சாரு. நான் கையை ஆட்டினதை, ஊருக்குக் கிளம்புறேன், அந்த வீட்டுக்கும் போயிட்டு வர்றேன்னு சொல்லிக்கிறதா நினைச்சிட்டாரு போல.

அந்தப் பைக்கட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தமயந்தி பாத்துட்டு, “இது வாசம் வெளிய வராத பைதானேப்பா! டயபருக்குன்னே விக்கிறது. எங்கப்பா வாங்கினீங்க? எவ்வளவு யோசிக்கிறீங்க!”ன்னா. நான், “கடையிலதான்”னேன்.

ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் கார் வந்துருச்சு. பெட்டியை மாப்பிள்ளை ஏத்துறாரு. நான் போய் பிமலா கதவைத் தட்டினேன். தமயந்தி மாடியில, கூட யாருமில்ல. இப்பச் சொல்லிரலாம்னு நின்னேன். கதவைத் திறந்தா. நான் பையும் கோட்டுமா நிக்கிறதைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டா. புள்ளையைக் கீழ இறக்கி விட்டுட்டு, அப்படியே குனிஞ்சு என் காலைத் தொட்டா தம்பி. பெரியவங்க கிளம்பையில அவங்க பக்கம் அப்படித்தானாம். என் கால்ல அவ தலை.

நல்லா இரும்மான்னு கையை வெச்சேன். இந்தக் கைதான். கார் ஹாரன் அடிச்சுச்சு.

ஆச்சு, ஏழு மாசம். ஒருத்தருக்கும் சொல்லலை. போன வாரம் தமயந்தி போன்ல பேச்சோட பேச்சாச் சொல்றா, கீழ்வீட்டுக்காரங்களுக்கு வீட்டைத் திரும்ப எழுதிக் குடுக்க மாட்டேன்னுட்டாங்களாம். அங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வாடகைப் பத்திரம் எழுதிக்கணும். இந்த மாசக் கடைசியோட காலி பண்ணணுமாம். பையனை இப்பத்தான் அங்க பக்கத்துல பால்வாடி மாதிரி ஒண்ணுல சேத்திருக்காங்க, அதுக்கே ஒரு வருசம் காத்துக் கிடந்தாங்களாம். “பாவம்தான். ஆனா குப்பை விசயத்துல அவங்க மேல ஏற்கெனவே ரிமார்க் இருக்குல்லப்பா”ங்கிறா.

அது இதுக்காக இருக்காதுல்ல தம்பி? வேற ஏதாவது காரணம் இருக்கும். வாடகை, கிடகைன்னு. ஒரு டயபருக்காக யாரும் வீட்டை விட்டு அனுப்புவாங்களா?

அதான் இந்தக் கடலைமிட்டாய். நல்ல சரக்கு, மண்டைவெல்லம் போட்டது, கடைக்காரருகிட்டச் சொல்லி நேத்துத்தான் போடச் சொன்னேன். நீங்க குடுத்துட்டு, புவா குடுக்கச் சொன்னாருன்னு மட்டும் சொன்னாப் போதும். அவளுக்குப் புரியும். முடிஞ்சா, உங்களுக்குத்தான் இங்கிலீஷு வருமே, அவகிட்ட மெதுவா, இந்த மாதிரி இந்த மாதிரின்னு நீங்களே...

ஏன் தம்பி பொட்டலத்தைத் திருப்பி மேசையில வெக்கிறீங்க? கால் கிலோகூட இல்லையே அது.

ம்.

இல்ல, கோவமில்ல. எனக்குப் புரியுது. உங்க பெட்டியில நாலு கிலோவுக்குத்தான் இடம். இதுவும் அந்தத் தொட்டி மாதிரித்தான் ஆயிரும், நான் சுருட்டிச் சுருட்டி உங்க பெட்டிக்குள்ள திணிச்சா.

அங்க இப்ப மணி என்ன இருக்கும்? நமக்கு நாலு. அங்க ஏழரை. மாப்பிள்ளையும் வந்திருப்பாரு. ரெண்டு பேரும் இருப்பாங்க. நல்லதுதான். நல்லதுன்னு என்ன, என்னமோ ஒண்ணு. இந்தாங்க போன், எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது, தமயந்தின்னு மேலயே இருக்கும். அமுக்குங்க. நீங்க போயிராதீங்க. உக்காருங்க, இன்னும் கொஞ்ச நேரம்.

ரிங் போகுது.

தமயந்தி? அப்பாதான். ஆமாம்மா, ரத்தினவேல் மகன் வந்திருக்காரு. குடுத்துட்டேன், எல்லாம் குடுத்துட்டேன். பொடியில உப்புக் கொஞ்சம் கம்மி, பாத்துக்க. பாப்பா முழிச்சிருக்காளா? இல்ல இல்ல, காட்டாத, இப்பக் காட்டாத. உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். கீழ்வீட்டுப் பொண்ணு இன்னும் இருக்காள்ல? காலி பண்ணிரலையே? சரி. சரி. நீ நாளைக்கு அந்தக் கட்டட ஆபீசுக்குப் போய் ஒண்ணு சொல்லணும் தாயி. மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ. அந்த டயபர் அவ போட்டதில்ல. நான்தாம்மா போட்டேன். தினம் மூணு.

தம்பி, சத்தத்தையே காணோம். லைன் இருக்கா பாருங்க. இருக்கா?

அப்பக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா.

தமயந்தி, அந்த நோட்டீஸ் நமக்குத்தாம்மா.